தீவில் விளைவதை மட்டுமே உண்டு வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பக் கடல்களில் உள்ள சிறு தீவுகளை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. கணக்குகள் எல்லாம் பெரியவர் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு. மழை, மண், நிலத்தின் சாய்வு ஆகியவற்றுக்கு ஏற்ப எண்கள் கூடும், குறையும்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் காய்கறித் தோட்டம் போடலாமா?

போடலாம், ஆனால் அதனால் வயிறு நிறையாது. கீரை, கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் எளிதில் வந்துவிடும். வீட்டுக்கு வரும் மூட்டைகளைப் பாருங்கள்: அரிசி, மாவு, எண்ணெய், சர்க்கரை. உடம்புக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது. அவற்றுக்கு மாற்று கிடைக்காதவரை, தட்டு நிறைய உள்ளூர்க் கீரை இருந்தாலும் சாப்பாடு கப்பலில்தான் வருகிறது.

ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதுங்கள்: என்ன சமைத்தோம், எத்தனை கிலோ, எங்கிருந்து வந்தது. பிறகு பொருள்களை எண்ணாமல் கலோரியைக் கூட்டுங்கள். முப்பது பொருளில் இருபத்தைந்து உள்ளூர்ப் பொருளாக இருக்கும், ஆனால் கலோரியில் கால்வாசிகூடத் தேறாது. பெரும்பாலோர் கணக்கு இப்படித்தான் வருகிறது.

அப்படியானால் எவ்வளவு நிலம் வேண்டும்?

ஒரு பெரியவருக்கு நாளைக்கு 2,200 கலோரி என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம். அதில் பாதியைக் கிழங்கிலும், கால்பங்கைத் தேங்காயிலும், மீதியை மீன், முட்டை, பயறு, பழம் ஆகியவற்றிலும் எடுப்பதாகக் கொள்வோம்.

தோல் சீவிய மரவள்ளிக்கிழங்கு ஒரு கிலோவில் சுமார் 1,600 கலோரி. 4 லட்சம் கலோரிக்கு 250 கிலோ, தோலோடு 310 கிலோ. சுமாரான மண்ணில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று வைப்பதே நியாயம். ஆகவே ஆளுக்கு 310 சதுர மீட்டர், நால்வருக்கு 1,240. எலி, புயல், அழுகல் எல்லாவற்றுக்கும் பாதி கூட்டினால் 1,860 சதுர மீட்டர், அதாவது 46 சென்ட். ஆண்டுதோறும் அதே நிலத்தில் மரவள்ளி வைத்தால் மண் வற்றிப்போகும். பயறோடு மாற்றி மாற்றிப் பயிரிட இதே அளவு இன்னொரு பங்கு நிலம் வேண்டும்.

தேங்காயில் 2 லட்சம் கலோரி என்றால் ஆளுக்கு ஆண்டுக்கு 190 முற்றிய காய். மரத்துக்கு 60 காய் கிடைத்தால் ஆளுக்கு மூன்று, நான்கு மரம் போதும். பால் பிழிந்த சக்கையைக் கோழிக்குப் போட்டுவிட்டால் கணக்கில் ஒரு பகுதி கோழிக்குப் போய்விடும்.

ஒரே கிழங்கை நம்பி இருக்கலாமா?

கூடாது. அயர்லாந்தும் ஒரு தீவுதான். அங்கே ஏழைகள் பெரும்பாலும் ஒரே ரக உருளைக்கிழங்கை உண்டு வாழ்ந்தார்கள். 1845-இல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். கிழங்கு வகைகளைத் துண்டு நட்டுப் பெருக்குவதால் தோட்டம் முழுவதும் ஒரே செடியின் நகல்தான். ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு, பெருவள்ளி, ஈரப்பலா (சீமைப்பலா என்றும் சொல்வார்கள்), வாழை ஆகிய ஆறில் குறைந்தது நான்கு இருக்கட்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ரகம் இருக்கட்டும். சர்க்கரைவள்ளி நான்கு மாதத்தில் வரும். மரவள்ளிக்கு 9 முதல் 12 மாதம் ஆகும், ஆனால் முற்றிய பிறகும் சில மாதம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். ஈரப்பலா ஒரு பருவத்தில் கொட்டித் தீர்க்கும், பிறகு மரம் வெறுமையாக நிற்கும்.

பன்னிரண்டு மாதத்தைக் கட்டம் போட்டு, எந்த மாதம் எது பறிக்கலாம் என்று நிரப்பிப் பாருங்கள். காலியாகக் கிடக்கும் கட்டங்கள்தான் உங்கள் பஞ்ச மாதங்கள். பயிர்த் திட்டம் முழுவதும் அந்த மாதங்களுக்காகவே போடப்பட வேண்டும். மற்ற மாதங்களில் உணவு எப்படியும் கிடைத்துவிடும்.

மரவள்ளியில் விஷம் என்கிறார்களே?

உண்மைதான். கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் சயனைடு வெளிப்படுகிறது. கசப்பில்லாத ரகங்களில் குறைவு. தோலை உள்தோலோடு சேர்த்து உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும். கசப்பு ரகமாக இருந்தால் வேகவைப்பது மட்டும் போதாது. உரித்து, தண்ணீரில் 3 முதல் 5 நாள் ஊறப்போட்டு, கிழங்கு மெத்தென்று ஆனதும் பிசைந்து, பிழிந்து, வெயிலில் காயவைக்க வேண்டும். மாவாக அரைத்திருந்தால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு: மாவைத் தண்ணீரில் குழைத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ விட்டுப் பிறகு சமைப்பது.

வறட்சியில் விளைந்த கிழங்கில் நஞ்சு கூடும். அதே வறட்சியில்தான் பசி அவசரத்தில் ஊறவைக்கும் நாள்களும் குறைகின்றன. உடம்பு இந்த நஞ்சை முறிக்கக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவை மீன், முட்டை, பயறு போன்ற புரத உணவுகளிலிருந்து கிடைப்பவை. வாரக்கணக்கில் வெறும் கசப்பு மரவள்ளியையே தின்றவர்களுக்குக் கால்கள் நிரந்தரமாக முடங்கியதுண்டு. கொன்சோ என்று அந்த நோய்க்குப் பெயர்.

விளைந்ததை எப்படிச் சேமிப்பது?

பறித்த மரவள்ளி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுவிடும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குத் தோண்டுங்கள். பெருவள்ளி நிழலில், காற்றோட்டமுள்ள பரணில் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் தோண்டும்போது காயம் படக்கூடாது. மண்வெட்டி பட்ட கிழங்கைத் தனியே வைத்து முதலில் சமைத்துவிடுங்கள்.

ஈரப்பலாவுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைப்பது. ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, பூஞ்சணம் பிடிக்கும். இன்னொன்று பசிபிக் தீவுகளின் பழைய முறை. பழுக்கத் தொடங்கிய காயைத் தோல், நடுத்தண்டு நீக்கி, வாழையிலை பலமடிப்பாக விரித்த குழியில் நெருக்கி அடைத்து, இலையால் மூடி, மேலே கல் ஏற்றுவார்கள். காற்றுப் புகாததால் புளித்து, பாலாடைக்கட்டி போன்ற புளிப்பு மாவாகிவிடும். ஒன்றிரண்டு மாதத்தில் உண்ணத் தயார். இலையை அவ்வப்போது மாற்றிவந்தால் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். மழைநீர் இறங்குவதும், நிலத்தடி நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு ஆழமாகத் தோண்டுவதும்தான் இதில் நடக்கும் தவறுகள். குழிக்குப் பதிலாக இறுக்கமான மூடியுள்ள வாளியும் போதும். வாடை பிடிக்காதவர்கள் முதலில் சிறிதளவு செய்து பார்ப்பது நல்லது. அந்த வாடை உங்களோடு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும்.

கடல் சுற்றிலும் இருக்கிறது. புரதத்துக்கு என்ன குறை?

குறையில்லை, எச்சரிக்கைதான் வேண்டும். பவளப்பாறையை ஒட்டி வாழும் பெரிய கொன்றுண்ணி மீன்களில், குறிப்பாகச் சீலா, பெரிய கலவா, விலாங்கு வகைகளில், சிகுவாடெரா என்ற நஞ்சு சேரலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசியில் உருவாகி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும் நஞ்சு இது. வேகவைத்தாலும், உறையவைத்தாலும், உப்பிட்டாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய் மரத்தல் ஆகியவற்றோடு, குளிர்ந்த பொருள் சுடுவதுபோலத் தோன்றுவது இதன் அடையாளம். சின்ன மீனாகப் பாருங்கள், ஈரலையும் முட்டைச் சினையையும் தவிருங்கள். எந்தப் பாறையில் பிடித்தால் ஆபத்து என்று அந்தத் தீவின் மீனவர்களுக்குத் தெரியும், அவர்களிடம் கேளுங்கள்.

சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றை வெயிலில் கிடக்கவிட்டால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். அதுவும் சமைத்தால் போகாது. பிடித்தவுடன் குளிர்ச்சிக்குள் போக வேண்டும், அல்லது குடல் நீக்கி உப்புக்குள் போக வேண்டும்.

கருவாட்டுக்கு மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. பிளந்து, உப்பைத் தேய்த்து, ஒன்றிரண்டு நாள் அடுக்கி வைத்து, ஊறிய நீரை வடித்து, லேசாகக் கழுவி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரப் பரணில் மூன்று முதல் ஐந்து நாள் உலர்த்த வேண்டும். மேலே இளஞ்சிவப்புப் படலம் வந்தால் அது உப்பிலேயே வாழும் நுண்ணுயிர். ஈரப்பதம் அதிகம், உலர்ந்தது போதவில்லை என்று பொருள்.

கோழி வளர்ப்பவர்கள் மறக்கும் ஒரு கணக்கு: முட்டையிடும் கோழி நாளுக்கு 110 கிராம் தீனி தின்னும், ஆண்டுக்கு 40 கிலோ. ஆறு கோழிக்கு 240 கிலோ. அந்தத் தீனி மூட்டையாகக் கப்பலில் வந்தால் முட்டை உள்ளூர் முட்டை அல்ல. தேங்காய்ச் சக்கை, மீன் கழிவு, காயவைத்த மரவள்ளி இலை, கறையான், ஈப்புழு ஆகியவற்றில் எவ்வளவு திரட்ட முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் கோழி வையுங்கள். முட்டை குறையும், அதுதான் உண்மையான விளைச்சல்.

மீனும் முட்டையும் உண்ணாதவர்களுக்குப் பி12 வைட்டமின் எந்தத் தோட்டத்திலும் விளையாது. மாத்திரை வாங்க வேண்டும். இதில் வீம்பு வேண்டாம்.

சமையல் எண்ணெய்?

பத்துப் பன்னிரண்டு முற்றிய காய்க்கு ஒரு லிட்டர் வரும். துருவி, வெதுவெதுப்பான நீரில் பிசைந்து பால் பிழிந்து, ஒரு நாள் அசையாமல் வைத்தால் மேலே ஆடை கட்டும். அதை மட்டும் எடுத்து மிதமான தீயில் சலசலப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். சலசலப்பு இருக்கும்வரை தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் சில வாரத்தில் காறல் வாடை வந்துவிடும்.

கடல்நீரிலிருந்து உப்புக் காய்ச்சலாமா?

அடுப்பில் வேண்டாம். 10 லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது 350 கிராம், அதில் சாப்பாட்டுக்கு ஆவது கால் கிலோதான். அதற்குத் திறந்த அடுப்பில் ஏறத்தாழ 10 கிலோ விறகு போய்விடும். அகலமான தட்டுகளில் வெயிலில் வற்றவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அடியில் படியும் வெள்ளைப் பொடி ஜிப்சம். நீரை மட்டும் அடுத்த தட்டுக்கு மாற்றுங்கள். பத்தில் ஒரு பங்காகும்போது உப்பு மணி கட்டும். முழுக்க உலரவிடாமல், மிஞ்சிய நீரை வடித்துவிடுங்கள். கசப்பெல்லாம் அந்த நீரில்தான். கடைசிவரை உலர்த்தினால் உப்பே கசக்கும்.

கடல் உப்பில் அயோடின் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், இருப்பது மிகக் குறைவு. பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிகளுக்கு 250 வேண்டும். கடல்மீன் அடிக்கடி உண்டால் கவலை குறைவு. மீன் உண்ணாத வீட்டில் அயோடின் சேர்த்த உப்பை வெளியிலிருந்தே வாங்குங்கள்.

தண்ணீர் எவ்வளவு தேவை, எங்கிருந்து?

ஒரு தீவில் எத்தனை பேர் வாழலாம் என்பதைத் தீர்மானிப்பது நிலமல்ல, தண்ணீர்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை, ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றால் 60,000 லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தொட்டியின் அளவை ஆண்டு மழையை வைத்துப் போடக்கூடாது, மழையே பெய்யாத நீண்ட இடைவெளியை வைத்துப் போட வேண்டும். நால்வருக்கு ஆளுக்கு 20 லிட்டர், 120 நாள் வறட்சி: 9,600 லிட்டர். 12,000 லிட்டர் தொட்டி வையுங்கள். மழை தொடங்கியதும் முதல் 50 லிட்டரைத் தானாக வெளியேற்றும் குழாய் வேண்டும், பறவை எச்சமும் தூசும் அதில்தான் வரும். எல்லா வாயிலும் கொசுவலை. அஸ்பெஸ்டாஸ் கூரையும் ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரையும் இதற்கு ஆகாது.

தோட்டத்துக்கு இந்தத் தொட்டியை நம்பாதீர்கள். 100 சதுர மீட்டருக்கு நாளுக்கு 500 லிட்டர் குடிக்கும், 24 நாளில் தொட்டி காலி. மழையோடு நடுவதும், தென்னை மட்டை, இலைதழையால் மண்ணை மூடுவதும்தான் வழி.

கிணற்று விஷயம் வேறு. தாழ்ந்த தீவுகளில் நல்ல நீர், கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய வில்லையாகத்தான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். அதே கணக்கு திரும்பியும் வேலை செய்யும்: இறைத்து நீர்மட்டத்தைப் 10 செ.மீ. இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 4 மீட்டர் ஏறும். ஆழ்துளையும் பெரிய மோட்டாரும் போட்ட கிணறுகள் உவர்ப்பதன் காரணம் இதுதான். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாகத் துளைக்குழாய் பதித்து, பரவலாக, மெதுவாக இறைக்க வேண்டும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வாரம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கினால் நாக்கு சொல்லும்வரை காத்திராமல் இறைப்பதைக் குறையுங்கள். உவர்நீரில் முதலில் வாடுவது அவரை, பயறு வகை. தக்காளி கொஞ்சம் தாங்கும், பீட்ரூட்டும் தென்னையும் நன்றாகவே தாங்கும்.

வெறும் பவள மணலாக இருக்கிறது. விளையுமா?

விளையும், தாமதமாக. அந்த மணல் சுண்ணாம்பு, பி.எச். 8-க்கு மேல். இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அறிகுறி. கிரிபாட்டி தீவுகளில் நன்னீர் மட்டம்வரை குழி தோண்டி, அதில் இலைதழை நிரப்பி, ராட்சதச் சேம்பு வளர்க்கும் முறை தலைமுறைகளாக இருக்கிறது. மணலில் பரவலாக எரு தூவுவதைவிட, குழிகளில் குவிப்பதே பலன் தரும். ஒரு மீட்டர் நீள, அகல, உயரக் குவியலாகக் கம்போஸ்ட் போட்டு, காய்ந்த சருகு அதிகமும் பச்சைத் தழை, மீன் கழிவு குறைவுமாக அடுக்குங்கள். நாற்றமடித்தால் சருகு போதவில்லை, சூடேறாவிட்டால் ஈரமோ பச்சையோ போதவில்லை. கடற்பாசியை ஒரு மழையில் நனையவிட்டுச் சேர்க்கலாம்.

கழிவறை எப்படி?

பவள மணலில் குழிக்கழிவறை தோண்டினால் அது கிணற்றில்தான் போய் முடியும். உலர் கழிவறையே பொருத்தம். சிறுநீரைத் தனியே பிரித்தால் நாற்றம் பெரும்பாலும் போய்விடும். ஒருவரின் ஓராண்டுச் சிறுநீரில் சுமார் 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. பத்துப் பங்கு நீர் கலந்து வேரில் ஊற்றலாம், அறுவடைக்கு ஒரு மாதம் முன் நிறுத்திவிட வேண்டும். மண் ஏற்கெனவே உவராக இருந்தால் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு.

விதையை நாமே எடுக்க முடியுமா?

பயறு, அவரை, தக்காளி: முடியும், தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. மக்காச்சோளம் வேறு. நூறு செடிக்குக் குறைவாக வைத்து விதை எடுத்தால் சில தலைமுறையில் வீரியம் போய்விடும், ஆகவே அண்டை வீட்டாரோடு சேர்ந்து ஒரே வயலில் போடுவது மேல். விதை ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. பயற்றைக் கடித்தால் பல் பதியக்கூடாது. அந்தப் பதத்தில் கண்ணாடிப் புட்டியில் போட்டு, அடியில் உலர்ந்த சாம்பலோ வறுத்த அரிசியோ வைத்து மூடுங்கள்.

வெளியிலிருந்து நாற்றையும் மண்ணையும் கொண்டுவராதீர்கள். ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் காண்டாமிருக வண்டும் பல தீவுகளுக்கு இப்படியும் வந்து சேர்ந்தன.

புயல் வந்தால்?

ஈரப்பலா, வாழை விழும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைக்கும். எச்சரிக்கை வந்ததும் மரவள்ளித் தண்டின் மேல்பாதியை வெட்டிவிடுங்கள், காற்று பிடுங்காது. விழுந்த காய்களை இரண்டு நாளுக்குள் உலர்த்தவோ புளிக்கவோ போடுங்கள். கடல்நீர் ஏறிய கிணற்றை ஒருமுறை இறைத்துச் சுத்தம் செய்துவிட்டு, மழைக்குக் காத்திருங்கள். விடாமல் இறைத்தால் உப்பு இன்னும் ஏறும். நடவுத் தண்டும் விதையும் மேட்டில் ஒரு பங்கு தனியே இருக்கட்டும்.

அடுப்புக்கும் மின்சாரத்துக்கும்?

தேங்காய் மட்டையும் சிரட்டையும் சேர்த்து வைத்தால் மரம் வெட்டாமலே ஒரு பங்கு சமையல் நடக்கும். சூரியத் தகடு நல்லதுதான், ஆனால் கடற்காற்றில் முதலில் போவது தகடு அல்ல, திருகும் சட்டமும். 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதா இரும்புத் திருகு போட்டால் இரண்டும் சேர்ந்து அரிக்கும். பழைய பேட்டரி திரும்பிப் போகும் வழியை, புதியது வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

வெளியிலிருந்து எதையுமே வாங்கக் கூடாதா?

உப்பு முதல் கற்பூரம் வரை எல்லாம் தீவிலேயே என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறார்கள். பெரிய சரக்குக் கப்பலில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுவர 10 முதல் 20 கிராம் கரியமிலவாயு. விமானத்தில் அது 500 கிராமைத் தாண்டும். கப்பலில் வந்த பருப்பைப் பார்த்துக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. விமானத்தில் வந்த பழத்தைப் பார்த்துக் கொள்ளலாம். பருப்பை உள்ளூரில் விளைவிப்பதற்கு முக்கியக் காரணம் புகை அல்ல, கப்பல் வராத மாதம்.

ஒரு தீவே இப்படி நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறதா?

சாலமன் தீவுகளைச் சேர்ந்த டிகோபியா. 5 சதுர கிலோமீட்டர், 1,200 பேர் அளவில் மக்கள். தீவு முழுவதும் அடுக்கடுக்கான மரத்தோட்டம்: உயரத்தில் தென்னையும் ஈரப்பலாவும், அடியில் கிழங்கு. குழிகளில் புளித்த ஈரப்பலா. சுமார் 1600-இல், தோட்டத்தை அழிக்கிறதென்று தீவிலிருந்த பன்றிகளையெல்லாம் கொன்றுவிட்டார்கள். அங்கேயும் 1952, 1953 புயல்களுக்குப் பின் பஞ்சம் வந்தது. 2002-இல் சோயி புயல் மரங்களை முறித்துப் போட்டும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

காப்பி இல்லாமல் இருக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தலைவலி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி ஒன்பது நாள்வரை நீளும். அந்த வாரத்தில் ஒருவர் மரவள்ளியைக் குறை சொல்வார், ஒருவர் தண்ணீரைக் குறை சொல்வார். நான்கு நாளுக்கு ஒருமுறை கால்பங்கு குறைத்துக்கொண்டே வாருங்கள்.